அப்பாவின் காலும் ஆறு நகல்களும்

"உங்கள் அப்பாவின் கால் இப்போது எப்படி இருக்கிறது? கரும்புக் கட்டை குத்திய இடம் ஆறிவிட்டதா?"

அலுவலகக் கணினியில் காலை ஒன்பதரை மணிக்கு இந்த வரியைப் படித்தேன். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார்கள். மனத்துக்குள் தமிழாக்கிப் பார்த்தேன், திரும்ப ஆங்கிலத்தில் படித்தேன், மறுபடி தமிழாக்கினேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அன்பாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

எழுதியவர் கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்தில் எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்திருந்த மேலாளர். நான் அவரைப் பார்த்ததில்லை. போனில் இரண்டு முறை பேசியிருக்கிறேன், இரண்டு முறையும் லாரி எத்தனை மணிக்கு மலையிலிருந்து இறங்கும் என்பது மட்டும்தான் பேச்சு. குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். மெயிலில் கீழே இன்னும் இரண்டு வரிகள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் என்னைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா என்று ஒரு கேள்வி. அடுத்த வாரம் கள்ளக்குறிச்சிக்கு வருகிறேன், மதியம் சேர்ந்து சாப்பிடலாம் என்று ஓர் அழைப்பு. 'அன்புடன்' என்று முடித்திருந்தார்.

கல்வராயன் மலையில் கிடைக்கிற சாமை, புளி, தேன், கடுக்காய் இவற்றை வாங்கிச் சுத்தம் செய்து பாக்கெட் போட்டு விற்கிற கம்பெனி எங்களுடையது. கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் போகிற சாலையில், ஓர் உரக்கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். நானும், எனக்கு இரண்டு வருடம் முன்னால் வேலைக்குச் சேர்ந்த களமருதூர் அக்காவும்தான் அங்கே. மலையிலிருந்து என்ன இறங்கியது, இங்கிருந்து என்ன போனது என்று தினம் சாயங்காலம் கோயம்புத்தூருக்கு மெயில் அனுப்புவது என் வேலை. ஒரு வருட ஒப்பந்தம், அதில் பதினொரு மாதம் போய்விட்டது. கரியாலூரில் இருக்கிற கொள்முதல் மையத்துக்கு நிரந்தரமாக ஒரு பொறுப்பாளரைப் போடப்போகிறார்கள், என் பெயரும் பேச்சில் இருக்கிறது என்று அக்கா காதில் போட்டிருந்தார். கிடைத்தால் நிரந்தரம். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நிரந்தரம் என்கிற சொல்லை எங்கள் வீட்டில் அதுவரை யாரைப் பற்றியும் சொன்னதில்லை. அப்பா அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். அது போன பிறகு கூலிக்குக் கரும்பு வெட்டப் போகிறார். அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர். அந்த வேலை உத்தரவு வந்தால், எங்களைப் பார்த்து 'இரு, போகாதே' என்று சொல்கிற முதல் காகிதமாக அது இருக்கும்.

அப்படிப்பட்ட மாதத்தில்தான், முன்பின் பார்த்திராத மேலதிகாரி ஒருவர் அப்பாவின் காலை விசாரிக்கிறார்.

அவருக்கு எப்படித் தெரியும் என்றால், என் விடுப்புக் கடிதம்தான். பள்ளிக்கூடத்தில் எழுதக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு நானே விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டவன் நான், கீழே அப்பா கைநாட்டு வைப்பார். எல்லாவற்றிலும் காரணம் காய்ச்சல்தான். மாடு காணாமல் போனாலும் காய்ச்சல், கடலை பிடுங்கப் போனாலும் காய்ச்சல். காரணத்தை யாரும் படிப்பதில்லை. வேலைக்கு வந்த பிறகு ஒரே ஒரு முறை உண்மையை எழுதினேன். கரும்பு வெட்டிய கொல்லையில் நடக்கும்போது அப்பாவுக்குக் கட்டை குத்திவிட்டது, ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர், அதனால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்று. அதைக் கடைசி எழுத்து வரை ஒருவர் படித்து, ஒரு மாதம் மனத்தில் வைத்திருந்து, சமயம் பார்த்து எடுக்கிறார் என்றால் சும்மாவா இருக்கும்?

இன்னொரு விஷயமும் இருந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு வந்தது. இனிமேல் நம்முடைய மெயில்கள் அன்பாகவும் நட்பாகவும் இருக்க வேண்டும். எடுத்தவுடன் விஷயத்துக்குப் போகக் கூடாது. முதலில் நலம் விசாரிக்க வேண்டும், முடிந்தால் யாருக்கு எழுதுகிறோமோ அவர்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும். மாதிரிக்கு ஒரு மெயிலும் இணைத்திருந்தார்கள்.

அக்கா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"இனிமே அன்பா இருக்கணுமாம் தம்பி. ஆர்டர் போட்டுட்டாங்க. இதுக்கு முன்னாடி இன்னா, ஒருத்தர ஒருத்தர் கடிச்சிக்கினா இருந்தோம்?"

நான் சொன்னதைச் செய்கிறவன். அன்றைக்கே கரியாலூர் மையத்தில் எடை போடுகிற அண்ணனுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். மலையில் குளிர் எப்படி இருக்கிறது, வீட்டில் எல்லோரும் நலமா, குழந்தைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் காலிச் சாக்கு எத்தனை இருக்கிறது என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"தம்பி, யாருக்கு இன்னா ஆச்சு? மறைக்காத, நேராச் சொல்லிடு."

"ஒண்ணும் ஆகலண்ணே. சும்மாதான் கேட்டேன்."

"சும்மா எவன் கேப்பான்? சென்டர மூடறாங்களா?"

"இல்லண்ணே. சாக்கு எத்தன இருக்குதுன்னு தெரியணும், அவ்ளோதான்."

"அடப்பாவி, சாக்கு கேக்கறதுக்கா எம் பொண்டாட்டி புள்ளையெல்லாம் இழுத்த? நாப்பது இருக்குது. வையி போன."

ஆக, அன்பாக எழுதச் சொல்லி உத்தரவு போட்ட இடத்திலிருந்து அன்பான மெயில் வந்தால் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? அக்காவிடம் காட்டினேன். "கோயம்புத்தூர்க்காரங்க கன்னுக்குட்டியக்கூட வாங்க போங்கன்னுதான் பேசுவாங்க. இதுக்கெல்லாம் பயப்படாத" என்றார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கட்டிலில் படுத்து, கட்டுப்போட்ட காலை மடித்த சாக்கின் மேல் உயர்த்தி வைத்திருந்தார்.

"எங் காலு எப்படி இருந்தா அந்தம்மாவுக்கு இன்னா?" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார். "நல்ல மனசு, கேட்டிருக்குது. உனுக்கு எல்லாத்துலயும் குத்தம்."

"நீ சும்மா இரு. டேய், கடைசியா இன்னாமோ படிச்சியே, அத இன்னொரு தடவ படி."

"மதியம் சேர்ந்து சாப்பிடலாம்னு எழுதியிருக்காங்கப்பா."

அப்பா காலைச் சாக்கின் மேலிருந்து இறக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது. சோறு போடறேன்னு சொல்லிட்டாங்கன்னா முடிஞ்சுது."

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோமுகி வாய்க்கால் ஓரத்தில் அப்பா பதினொரு வருடம் குத்தகைக்கு உழுத நிலம் இருந்தது. எங்கள் பக்கத்தில் நிலக்காரர் குத்தகையைத் திரும்ப எடுக்கும்போது, எடுக்கிறேன் என்று வாயால் சொல்ல மாட்டார். அது மரியாதை இல்லையாம். வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டுச் சாப்பாடு போடுவார். பதினொரு வருடம் 'டேய்' என்று கூப்பிட்ட நிலக்காரர் அன்றைக்கு 'வாப்பா, உக்காரு, பசங்க நல்லாப் படிக்கிறாங்களா' என்று கேட்டாராம். வடை வைத்தார்களாம்.

"பாயசம் ஊத்தும்போதே எனுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று அப்பா மறுபடியும் அந்தக் கதைக்குப் போனார். "அதுலயும் ரெண்டாவது தடவ வந்து ஊத்துனாங்க பாரு, சரி, கெணத்து மேட்டுத் துண்டையும் சேத்துத்தான் எடுக்கறாங்கன்னு நெனச்சிக்கினேன். அதேதான் ஆச்சு."

"தெரிஞ்சிக்கினே ரெண்டு டம்ளரும் குடிச்சிட்டு வந்த ஆளுதானே நீ" என்றார் அம்மா.

"பின்ன, நெலமும் போயி பாயசமும் போவணுமா?"

சிரிப்பு வந்தது. ஆனாலும் மெயிலைத் திரும்பப் பார்த்தபோது எல்லாம் பொருந்தியது. குடும்பத்தை விசாரித்தாயிற்று, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாயிற்று. நிலக்காரர் வைத்த வரிசை அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத்து எனக்கு மனுவின் வழியாக வந்த விஷயம். எட்டாவது படிக்கும்போதிலிருந்து எங்கள் தெருவுக்கு மனு எழுதுகிறவன் நான்தான். தெருவிளக்கு, ரேஷன் கார்டு, முதியோர் உதவி, பட்டா. முன்பு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிப் போய்க் கொடுத்தார்கள், கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு திங்கட்கிழமை இங்கேயே கொடுக்கிறார்கள். மனுவில் விஷயத்தைவிட முக்கியம் கடைசியில் வரும் 'நகல்'தான். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் அவர் கிழித்துப் போட்டுவிடலாம். தாசில்தாருக்கு எழுதினால் கோட்டாட்சியருக்கு ஒரு நகல், ஆட்சியருக்கு ஒரு நகல், முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு ஒரு நகல். நாலு பேருக்குத் தெரிந்த காகிதத்தை யாரும் லேசில் கிழிக்க மாட்டார்கள். இது எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். மனுவை என் கையிலிருந்து வாங்கும்போது, "நகல் போட்டியா?" என்றுதான் கேட்பார்கள்.

நான் அனுப்பிய பதிலைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'மதிப்பிற்குரிய அம்மா, தாங்கள் கேட்டிருந்தபடி, என் தகப்பனாரின் கால் பூரணமாகக் குணமடைந்துவிட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் என் தாயார் இருக்கிறார். ஆகவே மேற்படி கால் காரணமாக என் பணிக்கு இதுவரை எவ்வித இடையூறும் ஏற்பட்டதில்லை, இனியும் ஏற்படாது. மதிய உணவை வீட்டிலிருந்து கொண்டுவருவது என் வழக்கம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.'

நகல் ஆறு பேருக்கு. கம்பெனியின் எம்.டி., ஆட்களை எடுக்கிற பிரிவு, கொள்முதல், போக்குவரத்து, கணக்கு, கரியாலூர் மையம்.

அதில் ஒரு பொய் இருந்தது. கால் குணமாகவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே புண் வாய் மூடாமல் அப்படியே இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் அப்பாவை வண்டியில் உட்காரவைத்து, கால் தரையில் படாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கட்டு மாற்றி, வீட்டில் விட்டுவிட்டுத்தான் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தேன். ஆனால் கால் ஆறவில்லை என்று எழுதினால், பாவம், நீங்கள் வீட்டிலேயே இருந்து அப்பாவைப் பாருங்கள் என்று அன்பாக முடித்துவிடுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மெயில் போன கொஞ்ச நேரத்தில் அக்காவின் பக்கமிருந்து சத்தம் வந்தது. கரியாலூர் மையத்தின் மெயிலை அவரும் பார்ப்பார் என்பதை மறந்துவிட்டேன்.

"தம்பி, இங்க வா. இது இன்னா?"

"பதில்க்கா."

"அப்பா கால் எப்படி இருக்குதுன்னு கேட்டதுக்கு எம்.டி.க்கு நகலா?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"யார்கிட்ட இருந்து பாதுகாப்பு? கால்கிட்ட இருந்தா?" அக்கா மேசையில் கவிழ்ந்து சிரித்தார். "முதலமைச்சர் தனிப்பிரிவ மட்டும் ஏன் வுட்ட? அதையும் போட்டிருக்கலாமே." கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு முகம் மாறியது. "சிரிப்பு இருக்கட்டும். ஆபீசுல மேல இருக்கறவங்களுக்கு நகல் போட்டா அது பிராது தெரியுமா? அந்தப் பொண்ணு உன்ன இன்னாமோ தொந்தரவு பண்ணுது, நீ எல்லாரையும் சாட்சிக்குக் கூப்புடறன்னு அர்த்தம். அதுவும் சாப்பாடு வேணாம்னு வேற எழுதியிருக்க. அதுவே வேலைக்கு வந்து மூணு மாசம்தான் ஆவுது."

மதியத்துக்குள் எம்.டி.யிடமிருந்து மேலாளருக்கு ஒரு வரி வந்தது, எங்கள் எல்லோருக்கும் நகலோடு. 'என்ன இது? ஏதாவது பிரச்சினையா?' அவர், 'பிரச்சினை ஒன்றும் இல்லை, நான் நேரில் விளக்குகிறேன்' என்று எழுதினார். அவரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு மெயில் வந்தது. அதில் இருந்தது ஒரே சொல்: 'குறித்துக்கொண்டேன்.' வணக்கம் இல்லை, அன்புடன் இல்லை.

வெட்கமாக இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்பாக எழுதச் சொன்ன அறிவிப்புக்குப் பிறகு நான் முழுதாக நம்பிய முதல் மெயில் அதுதான். மேலதிகாரி மேலதிகாரி மாதிரி எழுதியிருக்கிறார். அதற்குப் பின்னால் எதுவும் ஒளிந்திருக்க இடமில்லை.

அந்த நிம்மதி மறுநாள் வரை தாங்கவில்லை. வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று அக்கா சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தால் கை 'மதிப்பிற்குரிய' என்பதைத் தாண்டி நகரவில்லை. போனில், நாம் எழுதியதை அன்பான தொனிக்கு மாற்றித் தருகிற வசதி ஒன்று இருக்கிறதே, அதைத் தட்டிப் பார்த்தேன். 'இந்த வாரம் உங்களுக்கு இனிமையாகப் போய்க்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன்' என்று ஆரம்பித்துக் கொடுத்தது. எங்கேயோ பார்த்த வரியாக இருக்கிறதே என்று அவருடைய பழைய மெயிலைத் திறந்தேன். அதன் முதல் வரியும் ஏறக்குறைய அதேதான்.

அப்படியானால் அவருடையதும் பொத்தானைத் தட்டி வாங்கிய அன்புதானா? அப்படியென்றால் என் மேல் தப்பில்லை என்று ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் இரண்டாவது வரியில் கரும்புக் கட்டை இருந்தது. எந்தப் பொத்தானுக்கும் கரும்புக் கட்டை தெரியாது. அவர்தான் அதற்குச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொன்னார்? சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றேன். மன்னிப்பு மெயிலை அனுப்பவில்லை.

அடுத்த வாரம் அவர் வந்தார். ஒல்லியாக, தோளில் பெரிய பை. சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. "கரியாலூர் போகணுங்க. நீங்களும் வந்தர்றீங்களா?" என்றார். ஜீப்பில் அவர் முன்னால், நான் பின்னால் காலிச் சாக்குகளோடு. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். வளைவுகளில் அவர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வதை மட்டும் பார்த்தேன்.

மையத்தில் எடை போடுகிற அண்ணன் தராசு, கிடங்கு, சாமை மூட்டை எல்லாவற்றையும் காட்டினார். மதியம் மேலாளர் தன் பையிலிருந்து டப்பாவை எடுத்தார், எலுமிச்சைச் சாதம். நான் என் டப்பாவைத் திறந்தேன். கிடங்கு வாசலில் ஆளுக்கு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். சேர்ந்து சாப்பிட்டோம் என்று சொல்ல முடியாது, பக்கத்தில் பக்கத்தில் சாப்பிட்டோம்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார். "நான் உங்கள என்னங்க பண்ணினேன்?"

அவ்வளவு நேராக யாராவது கேட்டால் எனக்குப் பொய் வராது. நகலைப் பற்றிச் சொன்னேன், எங்கள் தெரு மனுக்களைப் பற்றிச் சொன்னேன், கடைசியில் நிலக்காரர் வீட்டுப் பாயசத்தையும் சொல்லிவிட்டேன். அவர் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

"ரெண்டாவது தடவை ஊத்துனதுக்கு இன்னொரு துண்டு நிலமா?"

"ஆமாங்க மேடம்."

சிரித்துவிட்டார். சிரித்து முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, "உங்கப்பா சந்தேகப்பட்டதுல தப்பில்லீங்க" என்றார்.

நான் டப்பாவை மூடி வைத்தேன்.

"நான் சும்மா கேக்கலைங்க. இந்த சென்டர் வேலைக்கு உங்களத்தான் எழுதியிருந்தேன். ஆனா திங்கக்கெழமை மலை ஏறுனா சனிக்கெழமைதான் எறங்க முடியும். வீட்டுல அப்பாவுக்கு முடியாம இருக்கறப்ப முடியுமான்னு உங்ககிட்ட நேராக் கேட்டா, முடியும்னுதான் சொல்லுவீங்க. எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவோம். அதான் சுத்திக் கேட்டேன். கால் ஆறலைன்னா ரெண்டு மாசம் வேற ஏற்பாடு கேக்கலாம்னு இருந்தேன்."

பையிலிருந்து ஒரு நீளமான உறையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்கதான் எந்த இடையூறும் இல்லைன்னு எழுத்துல குடுத்து, ஆறு பேருக்கும் அனுப்பிட்டீங்களே. என்னைக் கூப்பிட்டு வெளக்கம் கேட்டுட்டு, எம்.டி. அதையே வெச்சு ஆர்டர் போடச் சொல்லிட்டாரு. ஒண்ணாந்தேதியிலிருந்து இங்கதான். நிரந்தரம்."

உறையை வாங்கினேன். என் பெயர் பிழையில்லாமல் இருந்தது.

"கால் நெஜமாவே ஆறிருச்சுங்களா?" என்று கேட்டார்.

"ஆறிடுச்சுங்க மேடம்" என்றேன். உறை கையில் இருந்தது.

இறங்கும்போது நாலாவது வளைவில் அவர் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். "வெளிய சொல்லிராதீங்க" என்றார். அதற்கப்புறம் அவர் பின்னால் வந்து சாக்கு மேல் சாய்ந்துகொண்டார், நான் முன்னால் உட்கார்ந்தேன்.

வீட்டில் அப்பா கையை வேட்டியில் துடைத்து, ஈரமில்லையே என்று பார்த்துவிட்டுத்தான் உத்தரவை வாங்கிப் பிடித்தார்.

"சோறு போட்டாங்களா?"

"இல்லப்பா. அவங்கவங்க டப்பாவத்தான் சாப்ட்டோம்."

"அப்ப நெஜம்தான்."

அம்மாதான் கேட்டார், "வாரம் பூரா மலையிலயே இருந்தா இந்த மனுசன யாரு கட்டு போட இட்டுக்கினு போறது?"

"பஸ்ஸுல போய்க்கினு வரேன். எனுக்கு இன்னா, காலா இல்ல?" என்றார் அப்பா. கட்டுப்போட்ட அந்தக் காலை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கட்டைப் பிரித்த நர்ஸ், புண்ணைச் சுற்றி அழுத்திப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். அப்பா முந்தின நாள் யாருக்கும் சொல்லாமல், பழகிக்கொள்கிறேன் என்று டவுன் பஸ் ஏறிச் சந்தை வரை போய் வந்திருக்கிறார். கட்டு முழுக்க மண். "ஒரு நாள் கட்டு வுட்டாலும் வெரல எடுக்கற மாதிரி ஆயிடும், சொல்லிட்டேன்" என்றார் நர்ஸ். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அலுவலகத்துக்குப் போனதும் மேலாளருக்கு எழுதினேன். மதிப்பிற்குரிய என்பதை எழுதவில்லை. 'கால் ஆறவில்லை. மெயிலில் எழுதியதும் பொய், கிடங்கு வாசலில் நேரில் சொன்னதும் பொய். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் அழைத்துப் போக வேண்டும். வேலையும் எனக்கு வேண்டும். என்ன செய்வது என்று தெரியவில்லை.' இவ்வளவுதான். முடிக்கும்போது, அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். 'இறங்கும்போது உங்களுக்கு உடம்பு முடியாமல் போனதே, அப்புறம் சரியாகிவிட்டதா?' என்று எழுதினேன். இதை எதற்குக் கேட்கிறான் என்று அவர் சந்தேகப்படலாம். படட்டும் என்று விட்டுவிட்டேன்.

நகலுக்கான கட்டம் காலியாக இருந்தது. வீட்டைப் பூட்டாமல் வெளியூர் போகிற மாதிரி இருந்தது எனக்கு. அப்படியே அனுப்பினேன்.

அன்று முழுதும் பதில் இல்லை. மறுநாள் மதியம் வந்தது, நீளமாக. உடம்பு சரியாகிவிட்டது, இனிமேல் மலைக்கு வந்தால் கீழே இறங்கிய பிறகுதான் சாப்பிடப்போவதாக முதல் வரி. அதன் பிறகு ஏற்பாடு. ஒண்ணாந்தேதி உத்தரவு அப்படியே நிற்கும். முதல் இரண்டு மாதம் செவ்வாய், வியாழன், சனி மட்டும் லோடு வண்டியில் கரியாலூர் ஏறி அதிலேயே இறங்கிவிடலாம், மற்ற நாட்கள் கள்ளக்குறிச்சியில். கட்டு மாற்றுவது திங்கள், புதன், வெள்ளி என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். கீழே நகல். எம்.டி., ஆட்களை எடுக்கிற பிரிவு, கொள்முதல், போக்குவரத்து, கணக்கு, கரியாலூர் மையம். நான் போட்ட அதே ஆறு பேர், நான் போட்ட அதே வரிசையில்.

"பாத்தியா, உன் வியாதி அவங்களுக்கும் ஒட்டிக்கிச்சு" என்றார் அக்கா.

என் பொய்யைப் பற்றி அந்த மெயிலில் ஒரு சொல் இல்லை. 'குடும்பத்தில் ஏற்பட்ட மாற்றத்தால்' என்று மட்டும் இருந்தது. நகலை எனக்காகப் போட்டாரா, பின்னால் வருகிற யாரும் இந்த ஏற்பாட்டைக் கிழித்துவிடக் கூடாது என்று? அல்லது தனக்காகவா, இரகசியமாகச் சலுகை காட்டினார் என்று இன்னொரு விளக்கம் கேட்கக் கூடாது என்று? பல முறை படித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை. கேட்டால் அன்பாகத்தான் பதில் எழுதுவார், அதனால் கேட்டும் பயனில்லை.

அப்பாவின் புண் வாய் மூடிக்கொண்டு வருகிறது. விரல்கள் ஐந்தும் இருக்கின்றன. நான் வாரத்தில் மூன்று நாள் மலை ஏறி இறங்குகிறேன். எடை போடுகிற அண்ணன் இப்போதும் என் மெயிலின் முதல் இரண்டு வரிகளைத் தாண்டிவிட்டு, கடைசி வரியை மட்டும் படித்துப் பதில் சொல்கிறார்.

போன வாரம் மேலாளரிடமிருந்து மெயில் வந்தது. அடுத்த முறை வரும்போது அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிடலாமா, கள்ளக்குறிச்சியில் நல்ல இடம் எது என்று கேட்டிருந்தார். 'பாயசம் உண்டா?' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

'கிடையாது' என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. வணக்கம் இல்லை, அன்புடன் இல்லை, நகல் யாருக்கும் இல்லை.

போகலாம் என்றுதான் இருக்கிறேன்.